ஜிம் வாசலில் ஏன் கால் தயங்குகிறது? பயம் உருவாகும் விதமும் அது குறையும் வழியும்

ஜிம்மில் சேர ஆசைப்பட்டு, பணமும் கட்டி, பையில் ஷூ, துண்டு எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, வாசல் வரை போய்த் திரும்பி வருகிறவர்கள் நிறையப் பேர். சுற்றியிருப்பவர்கள் அதைச் சோம்பல் என்பார்கள். நாளடைவில் அவர்களே அதை நம்பிவிடுவார்கள். ஆனால் சோம்பலாக இருப்பவருக்கு வாசலில் நெஞ்சு படபடக்காது, கை வியர்க்காது. பெரிய கூட்டத்தின் முன்னால் தயங்காமல் பேசுகிறவருக்குக்கூட டம்பெல் அடுக்கின் அருகே போய் நிற்கக் கூச்சமாக இருக்கலாம். மனித மூளை எல்லா இடங்களிலும் செய்கிற சில வேலைகள் ஜிம்மில் ஒரே நேரத்தில் ஒன்றுசேர்கின்றன. அதனால் வருவதுதான் இந்தப் பதற்றம்.

"தைரியமாகப் போ, போகப் போகச் சரியாகிவிடும்" என்று சொல்வார்கள். அதில் பாதிதான் சரி. போகாமல் பயம் குறையாது என்பது உண்மை. ஆனால் மாதக்கணக்கில் போயும் முதல் நாள் இருந்த அதே பதற்றத்தோடு இருப்பவர்களும் உண்டு. எத்தனை முறை போகிறோம் என்பதைவிட, எப்படிப் போகிறோம் என்பதே இங்கே முக்கியம். அது ஏன் என்று புரிய அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

இது ஒரே பயம் இல்லை

ஜிம் பயம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் குறைந்தது நான்கு தனித்தனிப் பயங்கள் இருக்கின்றன.

1. பார்வை பற்றிய பயம். மற்றவர்கள் என்னைக் கவனிக்கிறார்கள், எடைபோடுகிறார்கள் என்ற எண்ணம்.

2. உடல்தோற்றம் பற்றிய பயம். உடலின் வடிவத்தை, பருமனை, ஒல்லியை மற்றவர்கள் மதிப்பிடுவார்கள் என்ற கவலை. உளவியலாளர்கள் இதைச் சமூக உடல்தோற்றப் பதற்றம் என்கிறார்கள். இதை அளவிட ஹார்ட், லியரி, ரெஜெஸ்கி ஆகிய மூவரும் 1989இல் 12 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். ஒல்லியாக இருப்பவர்களுக்கும் தசை முறுக்கேறியவர்களுக்கும்கூட இந்தப் பயம் இருக்கலாம்.

3. தெரியாமை. இந்த மெஷினை எப்படி இயக்குவது, எங்கே உட்காருவது, யாரிடம் கேட்பது, எது இங்கே மரியாதைக் குறைவு என்பதெல்லாம் தெரியாத நிலை.

4. உடல் உணர்வுகள் பற்றிய பயம். இதயம் வேகமாக அடித்தால், மூச்சு வாங்கினால், தலை லேசாகச் சுற்றினால், ஏதோ ஆபத்து நடக்கப்போகிறது என்று அஞ்சுவது. இதற்குப் பதற்ற உணர்திறன் என்று பெயர்.

உங்களுக்குள் எது அதிகம் என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும். அதே ஜிம்மில் உங்களைத் தவிர யாருமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பயம் முழுவதும் போய்விடுகிறதா? அப்படியென்றால் உங்கள் சிக்கல் முதல் இரண்டில் இருக்கிறது. ஆள் இல்லாவிட்டாலும் "அங்கே போய் என்ன செய்வது?" என்று திகைப்பு வருகிறதா? அது மூன்றாவது. ஓடத் தொடங்கினால் மயங்கிவிடுவேனோ என்று தோன்றுகிறதா? அது நான்காவது. இந்தப் பிரிவினை அவசியம். தெரியாமையால் வரும் பயத்துக்கு மூச்சுப்பயிற்சி அவ்வளவு உதவாது. மெஷினைக் கற்றுக்கொள்வதுதான் உதவும்.

என் கணிப்பில், புதியவர்களிடம் பெரிய பங்கு வகிப்பது தெரியாமைதான். ஆனால் அது வெளியே வரும்போது "எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்" என்ற உருவத்தில்தான் வரும். அதனால்தான் பலர் தவறான இடத்தில் மருந்து போடுகிறார்கள்.

உடலுக்குள் நடப்பது

ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும் அமிக்டலா என்ற பகுதி முடுக்கிவிடப்படுகிறது. உடலை ஆபத்துக்குத் தயார்படுத்தும் பரிவு நரம்பு மண்டலம் வேலையைத் தொடங்குகிறது, அட்ரினலின் சுரக்கிறது. இதயத் துடிப்பு ஏறுகிறது, மூச்சு வேகமாகிறது, வியர்க்கிறது, கை நடுங்குகிறது, தசைகளுக்கு ரத்தம் பாய்கிறது.

இப்போது உடற்பயிற்சி உடலில் என்ன செய்கிறது என்று பாருங்கள். இதயத் துடிப்பு ஏறுகிறது, மூச்சு வேகமாகிறது, வியர்க்கிறது, தசைகளுக்கு ரத்தம் பாய்கிறது. கிட்டத்தட்ட அதே பட்டியல்தான். ஏற்கெனவே படபடப்போடு உள்ளே வருகிறவர் ட்ரெட்மில்லில் ஏறி ஐந்து நிமிடம் நடந்ததும் உடல் இன்னும் சூடேறுகிறது. அது பயிற்சியால் வந்ததா, பயத்தால் வந்ததா என்று மூளையால் சுலபமாகப் பிரிக்க முடிவதில்லை. "பயம் அதிகமாகிறது, வெளியே போ" என்று முடிவுகட்டிவிடுகிறது. வெறும் வயிற்றில் ஒரு கப் ஸ்ட்ராங் காபியோ, காஃபீன் கலந்த ப்ரீ வொர்க்கவுட் பானமோ குடித்துவிட்டுப் போனால் நடுக்கமும் படபடப்பும் இன்னும் கூடும். பதற்றம் இருப்பவர்கள் முதல் சில வாரங்களுக்கு அதைத் தவிர்ப்பது நல்லது.

இந்த ஒற்றுமையில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. இதயம் வேகமாக அடித்தது, ஆனால் எதுவும் ஆகவில்லை என்று உடல் திரும்பத் திரும்ப அனுபவிக்கும்போது அந்த உணர்வுகள் மீதான பயம் குறைகிறது. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், பதற்ற உணர்திறன் அதிகமுள்ளவர்கள் 20 நிமிடம் வீதம் ஆறு முறை மட்டும் ட்ரெட்மில்லில் பயிற்சி செய்தார்கள். அதற்கே அவர்களுடைய பதற்ற உணர்திறன் குறைந்தது. ஆக, நான்காவது வகைப் பயத்துக்கு உடற்பயிற்சியே சிகிச்சையாகவும் ஆகிறது.

எல்லோரும் உண்மையிலேயே பார்க்கிறார்களா?

கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழுவினர் செய்த ஓர் ஆய்வு 2000இல் வெளியானது. மாணவர்களுக்கு ஒரு பாடகரின் படம் போட்ட டி-சர்ட்டைக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொள்ளவே அவர்களுக்கு வெட்கமாக இருக்கும். அதைப் போட்ட நிலையிலேயே, மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். பிறகு, அந்தப் படம் யாருடையது என்பதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்பது மாணவர்களின் கணிப்பு. உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர் கூட இல்லை. நம்மீது ஒரு விளக்கு அடித்துக்கொண்டே இருப்பதாக நாம் நினைப்பதை உளவியலில் ஸ்பாட்லைட் விளைவு என்கிறார்கள்.

இது ஏன் நடக்கிறது? டேவிட் கிளார்க், அட்ரியன் வெல்ஸ் ஆகிய இருவரும் 1995இல் தந்த விளக்கம் இன்றும் சமூகப் பதற்றச் சிகிச்சைக்கு அடித்தளமாக இருக்கிறது. பதற்றம் வந்ததும் கவனம் வெளியிலிருந்து உள்ளே திரும்புகிறது. "எனக்கு எப்படி இருக்கிறது" என்பதை வைத்தே "நான் எப்படித் தெரிகிறேன்" என்ற படத்தை மனம் வரைந்துகொள்கிறது. உள்ளே நெஞ்சு இடிப்பதால் வெளியேயும் அது தெரிந்துகொண்டிருக்கும் என்று நம்புகிறோம். எதிரில் இருப்பவர் முகத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. பார்த்திருந்தால் பெரும்பாலும் அங்கே ஒன்றும் இருந்திருக்காது.

ஜிம்மில் இந்த உள்நோக்கிய கவனத்தைக் கூட்ட இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, கண்ணாடிகள். 2003இல் கனடாவிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வில், வழக்கமாக உடற்பயிற்சி செய்யாத பெண்களில் சிலரைக் கண்ணாடி முன்னாலும் சிலரைக் கண்ணாடி இல்லாத அறையிலும் 20 நிமிடம் சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். கண்ணாடி முன் மிதித்தவர்களின் மனநிலைதான் மோசமாக இருந்தது. தங்கள் உடலைப் பற்றிப் பெரிய கவலை இல்லாதவர்களிடமும் இதே முடிவுதான். எடை தூக்கும்போது முதுகு, முழங்கால் நிலையைச் சரிபார்க்கக் கண்ணாடி தேவை. நடக்கவும் மிதிக்கவும் அது தேவையே இல்லை. ஆகவே முதல் வாரங்களில் கண்ணாடிக்கு முதுகைக் காட்டும் மெஷினைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை.

இரண்டாவது, ஓய்வுநேரப் பார்வை. எடைப்பயிற்சியில் ஒரு அசைவை முழுதாக ஒருமுறை செய்வது ஒரு ரெப். தொடர்ந்து செய்யும் ரெப்களின் தொகுப்பு ஒரு செட். இரண்டு செட்களுக்கு நடுவே ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் வரை ஓய்வெடுப்பார்கள். அப்போது மூச்சு வாங்கிக்கொண்டு எங்கேயாவது வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கண் உங்கள் மேல் படலாம். நீங்கள் உட்கார்ந்திருக்கும் மெஷின் எப்போது காலியாகும் என்றும் பார்க்கலாம். புதியவருக்கு இரண்டும் "என்னை முறைக்கிறார்" என்றே தோன்றும். அந்த ஓய்வை நீங்களே எடுக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பார்வையில் எவ்வளவு வெறுமை இருக்கிறது என்று தெரியும்.

புதியவருக்கு மட்டும் ஏன் கை தடுமாறுகிறது?

தனியாக ஓட்டுவதைவிடப் பிறரோடு சேர்ந்து ஓட்டும்போது சைக்கிள் வீரர்கள் வேகமாக ஓட்டுகிறார்கள் என்பதை நார்மன் டிரிப்லெட் 1898இலேயே எழுதினார். ஆனால் பிறகு வந்த சோதனைகளில் ஆட்கள் அருகில் இருந்தால் திறமை சில நேரம் கூடியது, சில நேரம் குறைந்தது. இந்த முரண்பாட்டை ராபர்ட் ஸயான்ஸ் 1965இல் தீர்த்தார். பார்வையாளர்கள் இருக்கும்போது உடலின் முடுக்கம், அதாவது உள்ளே எழும் பரபரப்பு, கூடுகிறது. முடுக்கம் கூடினால், நமக்கு எது மிகப் பழகியதோ அது முந்திக்கொண்டு வரும். நன்றாகத் தெரிந்த வேலை இன்னும் நன்றாக வரும். புதிய வேலை இன்னும் மோசமாக வரும்.

1982இல் வெளியான ஓர் ஆய்வு இதைப் பில்லியர்ட்ஸ் மேசையில் காட்டியது. திறமையான ஆட்டக்காரர்களை நான்கு பேர் சுற்றி நின்று பார்த்தபோது அவர்களுடைய வெற்றி 71 சதவீதத்திலிருந்து 80 சதவீதமாக உயர்ந்தது. சுமாரான ஆட்டக்காரர்களுக்கோ 36 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக இறங்கியது.

ஜிம்முக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் தெளிவாகின்றன. முதல் நாள் நீங்கள் தடுமாறியது உங்கள் திறமையின் அளவு கிடையாது. புதிய அசைவை ஆட்கள் நடுவில் செய்ததன் விளைவு அது. அப்புறம், அசைவைக் கற்றுக்கொள்ளும் வேலையை வீட்டில் வைத்துக்கொண்டு, பழகியதை ஜிம்மில் செய்தால் அதே பார்வையாளர்கள் உங்களுக்குத் துணையாக மாறுவார்கள். ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), லஞ்ச் (ஒரு காலை முன்னால் வைத்து முழங்காலை மடக்குவது), புஷ்-அப், இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்வது ஆகியவற்றை எடை இல்லாமல் வீட்டில் ஒரு வாரம் பழகினால் போதும், ஜிம்மில் செய்யும் பாதிப் பயிற்சிகளின் அடித்தளம் கைக்கு வந்துவிடும்.

பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிடுவதும் இயல்புதான். தன்னைப் பற்றிய மதிப்பீட்டுக்கு மனிதர்கள் மற்றவர்களையே அளவுகோலாக்குகிறார்கள் என்று லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இல் விளக்கினார். அந்த ஒப்பீட்டில் ஒரு விஷயம் விடுபட்டுப் போகிறது. முதல் சில வாரங்களில் கூடும் பலத்துக்குப் பெரும்பாலும் காரணம் தசை வளர்ச்சி கிடையாது. தசையை இயக்க நரம்பு மண்டலம் கற்றுக்கொள்வதே காரணம். இதை 1979இல் மோரிடானி, டிவ்ரீஸ் இருவரும் காட்டினார்கள். கண்ணாடியில் எதுவும் மாறாமல் இருக்கும் அந்த வாரங்களில்தான் உடல் வேகமாகக் கற்றுக்கொண்டிருக்கிறது.

திரும்பிப் போவது பயத்தை எப்படி வளர்க்கிறது

வாசலில் நெஞ்சு படபடக்கிறது. "சரி, நாளைக்குப் பார்க்கலாம்" என்று திரும்புகிறோம். அந்த நொடியே ஒரு நிம்மதி வருகிறது. மூளைக்கு அந்த நிம்மதி ஒரு பரிசு. பரிசு கிடைத்த செயலை மூளை மறுபடி செய்யும். உடற்பயிற்சியின் பலன் வர வாரங்கள் ஆகும், திரும்பிப் போவதன் பலன் சில நொடிகளில் வந்துவிடும். இந்தப் போட்டியில் மன உறுதியை மட்டும் நம்பினால் தோற்பது நிச்சயம்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. உள்ளே போனால் சிரிப்பார்கள் என்று மனம் ஒரு கணிப்பைச் சொன்னது. நாம் உள்ளே போகாததால் அந்தக் கணிப்பு பொய் என்று நிரூபிக்க வாய்ப்பே இல்லாமல் போனது. அது உண்மை போலவே மனத்தில் தங்கிவிடுகிறது.

உள்ளே போயும் இதே இழப்பு நடக்கலாம் என்பதுதான் பலருக்குத் தெரியாதது. தொப்பியை முகம் வரை இறக்கிக்கொள்வது, யாரும் பேசிவிடாமல் இருக்க மட்டும் ஹெட்போன் மாட்டுவது, மூலையில் இருக்கும் ட்ரெட்மில்லை விட்டு நகராமல் இருப்பது, ஆளே இல்லாத நேரத்தில் மட்டும் வருவது, ஓய்வு நேரத்தில் போனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வது. இவற்றைப் பாதுகாப்பு நடத்தைகள் என்கிறார்கள். இவற்றோடு ஒரு மணி நேரம் கழித்துவிட்டு வெளியே வந்தால் மனம் என்ன முடிவுக்கு வரும்? "தொப்பி இருந்ததால் தப்பித்தேன்" என்றுதான். ஜிம் ஆபத்தில்லாத இடம் என்ற பாடம் மூளைக்குப் போகவே போகாது. மாதக்கணக்கில் போயும் பயம் குறையாததற்கு இதுதான் காரணம்.

இவற்றை முதல் நாளே உதற வேண்டியதில்லை. உள்ளே போக அது உதவுமென்றால் தொப்பி இருக்கட்டும். ஆனால் வாரத்துக்கு ஒன்றாக விட்டுவிட வேண்டும். உடனே விட வேண்டியது ஒன்றே ஒன்று: புதியவர் என்று தெரியக்கூடாது என்பதற்காகத் தாங்க முடியாத எடையை எடுப்பது. அது காயத்தில் கொண்டுபோய் விடும்.

பயம் உண்மையில் குறையும் விதம்

பயப்படும் பொருளைச் சிறு சிறு அளவில் நெருங்கிப் பயத்தைக் குறைக்கலாம் என்பதை மேரி கவர் ஜோன்ஸ் 1924இல் ஒரு சிறுவனிடம் காட்டினார். முயலைக் கண்டு அலறிய அந்தக் குழந்தை, படிப்படியாக அதைத் தொட்டு விளையாடும் அளவுக்கு வந்தது. 1958இல் ஜோசப் வோல்ப் அதை முறையான சிகிச்சையாக வளர்த்தார்.

இதில் பிற்கால ஆய்வுகள் சேர்த்த முக்கியமான திருத்தம் ஒன்று உண்டு. பழைய பயம் நினைவிலிருந்து அழிவதில்லை. அதன் பக்கத்தில் "இது ஆபத்தில்லை" என்ற புதிய நினைவு உருவாகி அதோடு போட்டி போடுகிறது. எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் இடைவெளி எவ்வளவு பெரிதோ, புதிய நினைவு அவ்வளவு வலுவாகும். அதனால் வெறுமனே பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரத்தைக் கடத்துவதில் பலன் குறைவு. கணிப்பைச் சோதித்துப் பார்க்கும் விதமாகப் போக வேண்டும்.

1. போவதற்கு முன் கணிப்பை எழுதுங்கள். "பயமாக இருக்கும்" என்று பொதுவாக எழுதினால் சோதிக்க முடியாது. "மெஷினின் சீட்டைச் சரிசெய்யத் தெரியாமல் நிற்பேன், யாராவது சிரிப்பார்கள்" என்று எழுதினால் சோதிக்கலாம். அது நடக்கும் என்று எவ்வளவு நம்புகிறீர்கள் என்று 10க்கு ஒரு மதிப்பெண்ணும் போடுங்கள்.

2. ஏணி ஒன்று அமையுங்கள். கீழ்ப்படியில் ஜிம்மைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவது. அடுத்து 15 நிமிடம் ட்ரெட்மில்லில் நடப்பது. பிறகு இரண்டு மெஷின்கள். பிறகு டம்பெல் பகுதி. பிறகு கூட்டமான மாலை நேரம். பிறகு தெரியாத ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்பது. படிகளின் வரிசை ஆளுக்கு ஆள் மாறும்.

3. வெளியேறும் நேரத்தை முன்பே முடிவு செய்யுங்கள். 20 நிமிடம் என்றால் 20 நிமிடம். பயம் உச்சத்தில் இருக்கும்போது வெளியேறினால் பழைய நிம்மதிப் பரிசுதான் மறுபடி கிடைக்கும். பதற்றம் முழுவதும் இறங்கும் வரை காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. கடிகாரம் சொல்லி வெளியேற வேண்டும், பயம் சொல்லி வெளியேறக் கூடாது.

4. வந்தபின் எழுதியதை எடுத்துப் பாருங்கள். கணித்தது நடந்ததா? நடந்திருந்தால் நினைத்த அளவு மோசமாக இருந்ததா? இந்தப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் புதிய நினைவு உறுதியாவது இங்கேதான்.

5. சூழலை மாற்றுங்கள். ஒரே மெஷின், ஒரே நேரம் என்றால் பாதுகாப்பு உணர்வு அந்த மெஷினோடு ஒட்டிக்கொள்ளும். வேறு நேரம், வேறு பகுதி என்று மாற்றினால்தான் அது ஜிம் முழுக்கப் பரவும்.

தெரியாமையைத் தீர்க்கும் விவரங்கள்

மூன்றாவது வகைப் பயத்துக்குத் தகவல்தான் மருந்து. ஜிம்முக்குப் பழகியவர்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லாத, ஆனால் புதியவருக்கு உடனே தேவைப்படும் சில விஷயங்கள் இதோ.

எடை மெஷின்களில் அடுக்கப்பட்ட பலகைகளின் துளையில் ஆணி போன்ற ஒரு பின் இருக்கும். அதை எந்தப் பலகையில் செருகுகிறோமோ, அதுவும் அதற்கு மேலே இருப்பவையும் சேர்ந்து எழும். உட்காருவதற்கு முன்னால் அந்த ஆணி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முன்பு செய்தவரின் எடை அப்படியே இருக்கலாம். சீட்டின் அடியிலோ பக்கத்திலோ உயரத்தை மாற்ற ஒரு கைப்பிடி இருக்கும். மெஷின் சுழலும் அச்சுக்கு நேராக உங்கள் மூட்டு வரும்படி உட்கார்ந்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். எந்தத் தசைக்கானது என்று பல மெஷின்களில் படமே ஒட்டியிருப்பார்கள். அதை நின்று படிப்பது வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை. அது நிற்பவர்கள் படிப்பதற்காகத்தான் அங்கே ஒட்டப்பட்டிருக்கிறது.

ட்ரெட்மில்லில் ஏறும்போது நடுவில் இருக்கும் பட்டையில் நிற்காமல் இரண்டு ஓரங்களில் நில்லுங்கள். அவசர நிறுத்தத்துக்கான கயிற்றுக் கிளிப்பைச் சட்டையில் மாட்டிக்கொண்டு, மெதுவான வேகத்தில் தொடங்கிய பிறகு பட்டையில் கால் வையுங்கள். தடுமாறினால் கிளிப் இழுபட்டு மெஷின் தானாக நின்றுவிடும்.

இரு முனையிலும் எடைத்தட்டு மாட்டும் நீளமான கம்பியான பார்பெல்லில், தட்டு எதுவும் மாட்டாவிட்டாலும் எடை உண்டு. போட்டிகளில் ஆண்களுக்கான பார் 20 கிலோ, பெண்களுக்கானது 15 கிலோ. வெறும் பாரைத் தூக்கித் திணறினால் ஏமாற்றமடைய வேண்டாம். 20 கிலோ என்பது முதல் நாளுக்கு நிஜமான எடைதான்.

நடத்தை விதிகள் கொஞ்சம்தான். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். வியர்வை பட்ட இடத்தைத் துடைக்க வேண்டும். எடை தூக்கிக்கொண்டிருப்பவரின் நேர் முன்னால் குறுக்கே போகக் கூடாது, அவர் செட் முடியும் வரை பேச்சுக் கொடுக்கவும் கூடாது. மெஷின் வேண்டுமென்றால் "இன்னும் எத்தனை செட் இருக்கு?" என்று கேட்கலாம். அவர் ஓய்வெடுக்கும்போது "நடுவில் நானும் ஒரு செட் செய்துக்கலாமா?" என்றும் கேட்கலாம். இவ்வளவு தெரிந்தாலே யாரும் உங்களைத் தொந்தரவாக நினைக்க மாட்டார்கள்.

நான்கைந்து பயிற்சிகளை ஒரு தாளிலோ போனிலோ எழுதிக்கொண்டு போங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்றுப் பயிற்சியோடு. பட்டியல் கையில் இல்லாதவர்தான் நடுவில் நின்று சுற்றிப் பார்ப்பார். அப்படி நிற்கும்போதுதான் பதற்றம் ஏறும். இப்படி "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்வதன் பலத்தை 2002இல் பிரிட்டனில் செய்த ஓர் ஆய்வு காட்டியது. எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்று எழுதி வைத்தவர்களில் 91 சதவீதம் பேர் அந்த வாரம் உடற்பயிற்சி செய்தார்கள். நன்மைகளைப் பற்றிப் படித்து ஊக்கம் மட்டும் பெற்றவர்களில் 35 சதவீதம் பேர்தான் செய்தார்கள். எதுவுமே சொல்லப்படாத குழுவிலும் 38 சதவீதம். ஊக்கப் பேச்சால் மட்டும் யாரும் ஜிம்முக்குப் போய்விடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் வேண்டியதில்லை.

முதல் நாட்களில் 30 நிமிடம் போதும். முயற்சியை 10க்கு 5 அல்லது 6 என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு வாங்கினாலும் பேச முடிய வேண்டும். அதிகம் செய்தால் அடுத்த ஓரிரு நாட்களில் தசைவலி வரும். 24 மணி முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டுத் தானாகக் குறையும். அது காயம் ஆகாது. ஆனால் கடும் வலி, வீக்கம், சிறுநீர் அடர் பழுப்பாக வருவது ஆகியவை தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். அளவுக்கு மீறிய பயிற்சியால் தசை சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படுவதன் அறிகுறி அது.

பயம் சரியாக இருக்கும் இடங்கள்

எல்லாப் பயமும் கற்பனை என்று சொல்வது நியாயமில்லை. அனுமதியில்லாமல் வீடியோ எடுப்பவர்கள் இருக்கிறார்கள். தொடர்ந்து முறைப்பவர்கள், தொட்டுத் திருத்துகிறேன் என்று நெருங்குகிறவர்கள், உடலைக் கேலி செய்தே பயிற்சித் தொகுப்பை விற்கப் பார்க்கும் ட்ரெய்னர்கள் எல்லோரும் உண்மையில் இருக்கிறார்கள். பெண்களுக்கு இது இன்னும் அதிகம். இவற்றைச் சகித்துப் பழகிக்கொள் என்று யாரும் சொல்லக் கூடாது. ஏணிமுறை பொய்யான ஆபத்துக்கு மட்டும்தான். நிஜமான தொல்லைக்கு வழி, நிர்வாகத்திடம் புகார் கொடுப்பது. அவர்கள் அலட்சியம் செய்தால் இடத்தை மாற்றுவது.

இரண்டையும் பிரிக்கச் சுலபமான சோதனை உண்டு. நடந்ததை ஒரு கேமரா பதிவு செய்திருந்தால் அதில் அது தெரியுமா? "என் தோளைத் தொட்டார்" என்பது தெரியும். "மனசுக்குள் சிரித்திருப்பார்" என்பது தெரியாது. கேட்காமல் அறிவுரை சொல்ல வருகிறவர் இரண்டுக்கும் நடுவில். "நன்றி, நான் ஒரு திட்டப்படி செய்கிறேன்" என்ற ஒரு வரி பெரும்பாலும் போதும்.

பொறுப்பை முழுக்கப் பயப்படுகிறவர் தலையில் ஏற்றுவதும் தவறு. முதல் நாள் ஒருவர் கூடவே நடந்து மெஷின்களைக் காட்டுவது, கண்ணாடி இல்லாத ஒரு பகுதி, வீடியோ எடுப்பதற்குத் தெளிவான விதி ஆகிய மூன்றும் எந்த ஜிம்மாலும் செய்யக்கூடியவை. சேருமுன் இவை உண்டா என்று கேளுங்கள். எத்தனை மெஷின் இருக்கிறது என்பதைவிட இந்தப் பதில்கள் அதிகம் சொல்லும்.

ஜிம் கூச்சமா, அதைவிடப் பெரியதா?

கடையில் பேசுவது, பிறர் முன் சாப்பிடுவது, போனில் பேசுவது என்று பல இடங்களிலும் இதே பயம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் உறவுகளையும் பாதித்தால் அது சமூகப் பதற்றக் கோளாறாக இருக்கலாம். எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை அதற்கு நன்றாகப் பலன் தருகிறது. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. திடீர் திடீரெனப் பீதி தாக்குபவர்களும் நிபுணரிடம் போவதே சரி. உழைக்கும்போது நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் அதைப் பதற்றம் என்று தாங்களே முடிவு செய்துகொள்ளாமல் முதலில் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

ஜிம்முக்குப் போயே ஆக வேண்டுமா என்றால், இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்தது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சியும்தான். அதை வீட்டிலும் தெருவிலும் செய்துவிடலாம். பயமே இல்லாதிருந்தாலும் வீட்டுப் பயிற்சியைத்தான் தேர்ந்தெடுத்திருப்பீர்கள் என்றால் அது உங்கள் விருப்பம், அப்படியே செய்யலாம். பயம் இல்லாவிட்டால் ஜிம்முக்குப் போயிருப்பேன் என்று தோன்றினால் ஏணியை அமைக்கலாம்.

இடைவெளிக்குப் பிறகு பயம் திரும்பினால்

காய்ச்சல், பயணம், வேலைச்சுமை என்று சில வாரம் விட்டுப்போன பிறகு மறுபடி வாசலில் நிற்கும்போது பழைய படபடப்பு வரும். "எல்லாம் வீணாகிவிட்டது" என்று பலர் விட்டுவிடுவது அங்கேதான். பழைய பயம் அழியாமல் பக்கத்திலேயே இருந்தது என்று முன்பு பார்த்தோம். புதிய நினைவு சில வாரம் பயன்படாமல் இருந்ததால் அது கொஞ்சம் மேலே வந்திருக்கிறது, அவ்வளவுதான். லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் செய்த ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கும் அளவுக்கு வர ஆட்களைப் பொறுத்து 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுமதிப்பு 66 நாள். நடுவில் ஒரு நாள் தவறியது அந்தப் போக்கைப் பெரிதாகக் கெடுக்கவில்லை.

திரும்பி வரும் முதல் நாளில் விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டாம். ஏணியில் ஒன்றிரண்டு படி இறங்குங்கள். எடையையும் தாராளமாகக் குறையுங்கள். முதல்முறை ஏற எடுத்த காலம் இரண்டாம் முறை எடுக்காது. ஒருமுறை பெற்ற பலத்தைத் தசைகள் புதிதாகப் பெறுவதைவிட வேகமாக மீட்டுக்கொள்ளும், பயத்தை வென்ற நினைவும் புதிதாக உருவாக வேண்டியதில்லை.